வேலை வாங்கிய கதை – 9: ஊமைக் கங்காணி

இரண்டு அங்குல நீளம், ஓர் அங்குல அகலம். நான்கு பட்டையாகச் செதுக்கி, தலைப்பக்கம் கூம்பவிட்டு, கொக்கியில் மாட்டக் கம்பி வளையம் வைத்த மரத்துண்டு. ஒரு பட்டையில் கறுப்பு பூசியிருக்கும். அடுத்ததில் நீலம், மூன்றாவதில் மஞ்சள், நான்காவதில் வெள்ளை. ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையில் ஒவ்வொரு தொழிலாளியும் நின்று வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, இப்படி ஒரு கட்டை தொங்கியது. நேற்று அவர் நடந்துகொண்ட விதம் மோசமென்றால் இன்று கறுப்புப் பட்டை முன்னால் திரும்பியிருக்கும். சுமாரென்றால் நீலம். நல்லபடியாக இருந்தால் மஞ்சள். குறைசொல்ல இடமே இல்லையென்றால் வெள்ளை.

கட்டையைத் திருப்பி வைப்பது அந்தந்தப் பகுதி மேற்பார்வையாளரின் பொறுப்பு. திட்டு கிடையாது, அடி கிடையாது. ஆலையை நடத்திய ராபர்ட் ஓவன் தினமும் எல்லா அறைகளையும் சுற்றி வருவார். எங்காவது கறுப்பு தெரிந்தால் ஆளை ஒரு தரம் பார்ப்பார், கட்டையை ஒரு தரம் பார்ப்பார், நகர்ந்துவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அந்தக் கட்டைக்கு அவர் வைத்த பெயரை 'மௌனக் கண்காணிப்பாளர்' என்று மரியாதையாகத் தமிழில் சொல்லலாம். எனக்கு 'ஊமைக் கங்காணி' என்று எழுதத்தான் கை வருகிறது. கங்காணி என்ற சொல்லோடு நமக்கு இருக்கும் பழைய கணக்கு அப்படி.

போன அத்தியாயத்தை நூற்பாலை முதலாளி ஆர்க்ரைட்டின் கிராம்ஃபர்ட் ஆலை மணியோடு நிறுத்தியிருந்தோம். ஆற்றுத் தண்ணீர் இருந்தது, இயந்திரம் இருந்தது. மணி அடித்தால் வந்து நிற்கும் மனிதர்கள்தான் இல்லை. வயலில் வேலை பார்த்தவன் வெளிச்சத்தைப் பார்த்து எழுந்து, மழையைப் பார்த்து உட்காருகிறவன். வீட்டிலேயே தறி போட்டிருந்த நெசவாளி ஞாயிற்றுக்கிழமைக் குடியைத் திங்கள் வரை இழுத்துவிட்டு, வெள்ளி சனியில் ராப்பகலாக நெய்து கணக்கை நேர் செய்கிறவன். அந்தத் திங்கட்கிழமைக்குப் 'புனிதத் திங்கள்' என்று கேலிப்பெயரே இருந்தது. இவர்களை வழிக்குக் கொண்டுவர ஆலைக்காரர்களுக்குத் தெரிந்தவை அபராதம், பிரம்பு, சீட்டுக் கிழிப்பு. இவை போதாது என்று நினைத்த முதல் ஆள் ஓவன் என்று சொல்லமாட்டேன். நினைத்ததை ஒரு முழு ஊரின்மேல் கால் நூற்றாண்டு செய்து பார்த்தவர் அவர்.

1771-இல் வேல்ஸ் நாட்டின் நியூடவுனில் பிறந்தவர். அப்பாவுக்குச் சேணம் தைக்கும் தொழில். பத்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, துணிக்கடைகளில் எடுபிடியாக இருந்து, மான்செஸ்டரில் சின்னதாகச் சொந்தத் தொழில் தொடங்கிவிட்டார். அப்போது பீட்டர் டிரிங்க்வாட்டர் என்ற பெரிய ஆலைக்காரர் தன் நூற்பாலைக்கு மேலாளர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். இருபது வயது நிரம்பியும் நிரம்பாமலும் இருந்த ஓவன் நேரே போய் நின்றார். வாரத்துக்கு எத்தனை முறை குடிப்பாய் என்பது டிரிங்க்வாட்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று. பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. வாழ்நாளில் குடித்ததே இல்லை என்றான். சம்பளம்? ஆண்டுக்கு 300 பவுண்டு. காலையிலிருந்து வந்துபோனவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் அவ்வளவு வராதே என்று டிரிங்க்வாட்டர் வாயைப் பிளந்தார். இப்போதே என் தொழிலில் அவ்வளவு சம்பாதிக்கிறேன், குறைக்க முடியாது என்று ஓவன் கணக்குப் புத்தகத்தைக் காட்டினார். வேலை கிடைத்தது. 500 பேர் வேலை பார்க்கும் ஆலை அது.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தத் தொடருக்கு முக்கியம். அந்த இயந்திரங்களை எப்படி ஓட்டுவது என்று அவருக்குத் தெரியாது. காலையில் முதல் ஆட்களோடு உள்ளே வருவார். ராத்திரி கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். இடைப்பட்ட நேரம் முழுக்க முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது எதையாவது கேட்டால் 'ஆமாம்' அல்லது 'இல்லை'. இப்படியே ஆறு வாரம். ஓர் உத்தரவுகூடப் போடவில்லை. ஆறு வாரம் முடிந்தபோது அந்த ஆலையில் எது எங்கே கோளாறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புதிதாக வந்த மறுநாளே நாற்காலிகளை இடம் மாற்றி, வருகைப் பதிவேட்டின் நிறத்தை மாற்றுகிற அதிகாரிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அதிசயமாகத்தான் இருக்கும். கவனித்துக்கொள்ளுங்கள்: ஊமையாக நின்று பார்க்கும் பழக்கம் கட்டைக்கு முன்பே அந்த ஆளிடம் இருந்தது.

நியூ லனார்க், கிளைட் ஆறு அருவிகளாக விழும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல், ஆர்க்ரைட்டோடு கூட்டுச் சேர்ந்து பிடித்த இடம். 1786-இல் ஆலை ஓடத் தொடங்கியது. 1799-இல் ஓவனும் அவருடைய மான்செஸ்டர் கூட்டாளிகளும் அதை 60,000 பவுண்டுக்கு வாங்கினார்கள், ஆண்டுக்கு 3,000 வீதம் இருபது வருடத்தில் கட்டுவதாகப் பேச்சு. அதே வருடம் டேலின் மகள் கரோலினையும் ஓவன் மணந்துகொண்டார். 1800 ஜனவரி 1-ஆம் தேதி பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 28.

ஆலையும் குடியிருப்பும் சேர்ந்து ஏறக்குறைய 2,000 பேர். அதில் 500 பேர் வரை அநாதை இல்லங்களிலிருந்தும் ஏழைகள் விடுதிகளிலிருந்தும் கூட்டிவந்த குழந்தைகள். டேல் நல்ல மனிதர். சோறும் துணியும் குறைவைக்கவில்லை, பள்ளிக்கூடம்கூட வைத்திருந்தார். ஆனால் காலை ஆறு மணிக்கு இயந்திரத்தடியில் நுழைந்து மாலை ஏழுக்கு வெளியே வந்த குழந்தை அதற்கு மேல் உட்கார்ந்து என்ன படிக்கும்? பெரியவர்களில் பலர் நிலம் பறிபோய் மலைநாட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள். ஆலைக்குள் திருட்டு, வெளியே விஸ்கி, இரண்டுக்கும் நடுவில் மதச் சண்டை.

ஓவனை அவர்கள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? பேச்சு வேறு, ஊர் வேறு. பழைய முதலாளி விற்றுவிட்டார், புதியவன் போட்ட பணத்தை எடுக்க வந்திருக்கிறான், நம் தோலைத்தான் உரிக்கப் போகிறான். அவர்கள் போட்ட கணக்கில் தப்பு சொல்ல முடியாது. போட்ட பணத்தை எடுக்கத்தான் அவரும் வந்திருந்தார். அவர் எதைச் செய்தாலும் முறைத்தார்கள். புதிதாக அநாதைக் குழந்தைகளை வாங்குவதை நிறுத்தினார், பத்து வயதுக்குக் கீழ் யாரும் ஆலைக்குள் வரக்கூடாது என்றார். அந்தக் கூலியை நம்பியிருந்த பெற்றோர் முணுமுணுத்தார்கள். தெருவில் குவிந்திருந்த சாணக் குப்பையை அள்ளச் சொன்னார். வீடுகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு குழு போட்டார். அந்தக் குழுவுக்குப் பெண்கள் 'மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்கள்' என்று பெயர் வைத்தார்கள். நல்ல சரக்கை மொத்தமாக வாங்கி ஆலைக் கடையில் விலை குறைத்து விற்றார். வீட்டுச் செலவில் நாலில் ஒரு பங்கு மிச்சம் என்பது அவர் கணக்கு. கடையில் வாங்கிக்கொண்டார்கள், முறைப்பதை நிறுத்தவில்லை. இப்படி ஆறேழு வருடம் ஓடியது.

பிறகு பஞ்சு நின்றது. நெப்போலியன் போர்க் காலம். அமெரிக்கா தன் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பஞ்சு விலை கண்ணுக்கெட்டாத உயரம் போயிற்று. மற்ற ஆலைக்காரர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எரிகிற விலைக்குப் பஞ்சை வாங்கி நட்டத்துக்கு நூற்பது. மற்றது, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவது. பலர் சாத்தினார்கள். ஓவன் இயந்திரத்தை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருங்கள், அதுதான் வேலை, கூலி முழுசாக வரும் என்றார். வந்தது. ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, நான்கு மாதம். ஒரு முழம் நூல்கூட வெளியே போகாத ஆலையிலிருந்து 7,000 பவுண்டுக்கு மேல் கூலியாக வெளியே போனது. யாருக்கும் ஒரு பென்னிகூடப் பிடிக்கவில்லை.

ஊர் திரும்பியது அங்கேதான். தன் சுயசரிதையில் ஓவனே அப்படித்தான் எழுதுகிறார்: அதற்குப் பிறகு அவர்களுடைய நம்பிக்கையும் மனமும் தன் பக்கம் வந்துவிட்டதாக. ஓவன் சொல்வதையெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. வயதான காலத்தில் எழுதிய புத்தகம், தற்பெருமைக்கும் குறைவில்லை. இந்த இடத்தை மட்டும் நம்பலாம். ஆறேழு வருட உபதேசம் செய்யாததை நான்கு மாதக் கூலி செய்தது என்று ஒப்புக்கொள்வதில் உபதேசிக்குப் பெருமை ஒன்றும் இல்லையே.

இனி கட்டைக்கு வருவோம். சுயசரிதையில் ஓவன் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில்தான் சொல்கிறார்.

கட்டையில் தெரிந்த நிறம் அன்றோடு அழிந்துவிடாது. வெள்ளைக்கு 1, மஞ்சளுக்கு 2, நீலத்துக்கு 3, கறுப்புக்கு 4 என்று எண் கொடுத்து, ஆள்வாரியாகப் பெயர் எழுதிய பதிவேட்டில் நாள்தோறும் ஏற்றினார்கள். அதற்கு 'நடத்தைப் புத்தகம்' என்று பெயர். ஞாயிறு தவிர எல்லா நாளும். ஒரு புத்தகம் இரண்டு மாதம் தாங்கும், தீர்ந்ததும் அடுத்தது. பழையவை பத்திரமாக வைக்கப்பட்டன. மனிதர்களின் புண்ணிய பாவங்களைக் குறித்துவைக்கும் தேவதூதனோடு இந்தப் பதிவேட்டை ஓவன் ஒப்பிடுகிறார். நம் ஊர்க்காரராக இருந்திருந்தால் சித்திரகுப்தன் என்று எழுதியிருப்பார்.

ஆரம்பத்தில் எங்கு பார்த்தாலும் கறுப்பும் நீலமும்தான், மஞ்சள் அபூர்வம் என்கிறார். நாளாக ஆகக் கறுப்பு குறைந்து நீலமாயிற்று, நீலம் மஞ்சளாயிற்று, கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை தலைகாட்டியது.

நாம் படித்த பள்ளிக்கூடங்களில் வாத்தியார் வெளியே போனால் வகுப்புத் தலைவன் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் 'மிக' சேரும், இன்னொரு 'மிக' சேரும். வாத்தியார் திரும்பி வந்து அடிக்காமல் விட்டாலும் அந்தப் பலகையில் பெயர் இருந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்கு நியூ லனார்க் கட்டையைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தலைவனுக்கு மிட்டாய் கொடுத்துப் பெயரை அழிக்கவைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த மிட்டாய் விஷயத்தை ஓவன் யோசித்திருந்தார். மேற்பார்வையாளர் வேண்டாதவனுக்குக் கறுப்பும் வேண்டியவளுக்கு வெள்ளையும் வைத்தால்? இரண்டு ஏற்பாடுகள் செய்தார். மேற்பார்வையாளர்களுக்கும் ஆளுக்கொரு கட்டை. அதை அவர்களுக்கு மேலே இருந்த ஆலைத் தலைவர் திருப்பி வைப்பார். இன்னொன்று, தனக்கு வைத்த நிறம் நியாயமில்லை என்று நினைக்கும் எந்தத் தொழிலாளியும், ஆணோ பெண்ணோ, எண் புத்தகத்தில் ஏறும் முன்பே நேராக ஓவனிடம் வந்து சொல்லலாம். அபூர்வமாகவே யாராவது வந்ததாகச் சொல்கிறார். எல்லாருக்கும் நியாயம் கிடைத்தது என்பதற்கு அவர் அதை ஆதாரமாக வைக்கிறார். முதலாளியிடம் போய் மேஸ்திரியைப் பற்றிப் புகார் சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. என் வாசிப்பில் அந்த மௌனத்துக்கு இரண்டு அர்த்தமும் உண்டு.

நிறம் பார்த்து எண் போடும் இந்த வேலை இன்று கம்பெனி கம்பெனியாக நடக்கிறது. ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் மார்ச் மாத அப்ரைசலைப் பற்றி அரைமணி நேரம் பொருமுவார்கள். அதிலும் 1, 2, 3, 4 என்று தரம் உண்டு, முறையிடும் வழி உண்டு, மேலாளருக்கு மேலே ஒரு மேலாளர் உண்டு. நிர்வாகப் பாடநூல்கள் அதற்கு முன்னோடியாக ஓவனின் கட்டையைக் காட்டுவதும் உண்டு. பஞ்சு வராத நான்கு மாதத்தை முன்னோடியாகக் கொண்ட கம்பெனிகளை விரல்விட்டுத்தான் எண்ண வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நியூ லனார்க்கில் கூலி மற்ற ஆலைகளைவிட அதிகம் கிடையாது. சற்றுக் குறைவு என்றே சொல்லலாம். கூலியில் அறுபதில் ஒரு பங்கு நோய்க்கும் முதுமைக்குமான நிதிக்குப் பிடிக்கப்பட்டது. கூலியால் கட்டாததை வீடு, கடை, வைத்தியம், பள்ளி என்று சுற்றிச் சுற்றிக் கட்டினார் ஓவன். 1813-இல் தன்னைப் போன்ற ஆலை நிர்வாகிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். செத்த இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தால் லாபம் என்று தெரிந்த உங்களுக்கு, உயிருள்ள இயந்திரத்தைப் பராமரித்தால் அதைவிட லாபம் என்று ஏன் தெரியவில்லை என்று கேட்டார். போட்ட முதலுக்கு ஐந்து பத்து சதவீதம் இல்லை, அடிக்கடி ஐம்பது, பல சமயம் நூறு சதவீதம்கூட வரும் என்று ஆசை காட்டினார். கேட்பவர்களுக்குப் புரியும் ஒரே மொழியில் பேசினார் என்று வக்காலத்து வாங்கலாம். இருந்தாலும் 'உயிருள்ள இயந்திரம்' என்ற சொல் எனக்குத் தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கிறது.

அவருடைய கூட்டாளிகளுக்கு வேறு முள். பள்ளிக்கூடம் கட்டப் பணமா என்று குமுறினார்கள். ஒரு கூட்டணி உடைந்தது, அடுத்ததும் உடைந்தது. ஓவனைக் கழற்றிவிட்டு அடிமாட்டு விலைக்கு ஆலையைப் பிடிக்க, அதற்கு 40,000 பவுண்டுகூடப் பெறாது என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். 1813 கடைசியில் கிளாஸ்கோவில் ஏலம். தத்துவவாதி ஜெரமி பெந்தம், குவேக்கர் வில்லியம் ஆலன் உள்ளிட்ட புதிய கூட்டாளிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓவன் வந்திருந்தார். முதலுக்கு ஐந்து சதவீதம் போக மீதி லாபம் தொழிலாளர் நலத்துக்கு என்று ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். எதிராளிகள் என்ன கேட்டாலும் மேலே 100 பவுண்டு கேள் என்று தன் வக்கீலிடம் சொல்லிவைத்திருந்தார். 114,000 வரை வந்த எதிராளிகள் அங்கே வாயை மூடினார்கள். 114,100-க்கு ஓவனிடம் ஆலை நின்றது. அவர் ஊர் திரும்பிய நாளில் ஜனங்கள் வழியிலேயே மறித்து, வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. 1816 புத்தாண்டு அன்று பள்ளி திறந்தது. நடக்கப் பழகிய குழந்தைகளிலிருந்து சேர்த்துக்கொண்டார்கள். பாட்டு, நடனம், சுவரில் மிருகப் படங்கள், அடி கிடையாது. அதே ஆண்டு ஆலையில் வேலை நேரம் சாப்பாட்டு நேரம் நீங்கலாக 10¾ மணி. மற்ற ஆலைகளில் 13, 14 மணி சர்வசாதாரணம். நாடு முழுக்க இப்படி வேண்டும் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். இழுபறிக்குப் பிறகு 1819-இல் வந்த சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழ் ஆலை வேலை கூடாது என்றது. அதை மேற்பார்வையிட ஆய்வாளர்களை நியமிக்கவில்லை. ஓவன் வெறுத்துப்போனார்.

பத்து வருடத்தில் ஏறக்குறைய 20,000 பேர் நியூ லனார்க்கைப் பார்க்க வந்தார்கள். பின்னாளில் ரஷ்யச் சக்கரவர்த்தியான நிக்கோலஸ்கூட வந்து போனார். பெரும்பாலானோர் வாயாரப் புகழ்ந்தார்கள். 1819-இல் வந்த கவிஞர் ராபர்ட் சௌதி மட்டும் தன் நாட்குறிப்பில் வேறு மாதிரி எழுதினார். இவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார், இது சாராம்சத்தில் ஒரு தோட்டம், அடிமைகளை வைத்து நடத்தும் தோட்டம். இங்கே இருப்பவர்கள் வெள்ளையர்கள், வேண்டாமென்றால் விலகச் சட்டம் இடம் தருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம், இருக்கும்வரை முழுக்க அவர் கைப்பிடியில் என்ற பொருளில் எழுதினார். சௌதி பழமைவாதி. தொழிலாளிக்காகக் கண்ணீர் விட்டு எழுதியதில்லை இது. ஆனாலும் அந்தக் கட்டைகள் வரிசையாகத் தொங்குவதை நினைத்துப் பார்த்தால் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. அத்தனை கட்டைகளுக்கும் நடுவே ஓடிய நூலின் பஞ்சோ, அட்லாண்டிக்குக்கு அப்பால் நிஜ அடிமைகள் பறித்தது.

பிறகு மதம் குறித்தும் நடனம் குறித்தும் ஆலனோடு மனக்கசப்பு வந்தது. ஓவன் அமெரிக்கா போய், இண்டியானாவில் 'நியூ ஹார்மனி' என்று ஒரு பொதுவுடைமைக் குடியிருப்பைத் தொடங்கி, சில ஆண்டுகளில் சொத்தில் பெரும்பகுதியை அதில் கரைத்தார். அது தனிக் கதை, இந்தத் தொடரில் சேராது. 1828-இல் நியூ லனார்க்கோடு அவருக்கிருந்த தொடர்பு முழுதாக முடிந்தது. ஆலை மட்டும் 1968 வரை ஓடியது. 2001-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது.

ஊமைக் கங்காணியை இங்கே விட்டுவிட்டு, அடுத்த இதழில் பேசுகிற கங்காணியிடம் போகிறோம். நம் ஊர்களிலேயே ஆள் பிடித்து, முன்பணம் கொடுத்து, கடனோடு கப்பலேற்றி, இலங்கையின் மலைகளில் காப்பித் தோட்டம் போட்டவர்களிடம் கொண்டுபோய் நிறுத்திய கங்காணி அவர். அவரிடம் நிறக் கட்டை இல்லை. துண்டு என்றொரு காகிதம் இருந்தது.

(தொடரும்)